பிள்ளைகளுக்கு இதிகாசக் கதை சொல்லப் போகிறீர்களா? நான் தடுக்கி விழுந்த இடங்களும், அப்புறம் பிடிபட்ட வழியும்

அன்று நான் கதையை ஆரம்பிக்கவே இல்லை. "இன்னைக்குத் துருவன் கதை" என்று மட்டும்தான் சொன்னேன். என் ஏழு வயது மகள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "பொய் சொல்லக் கூடாது. சரியாப்பா? நான் விளையாடப் போகட்டா?" என்றாள்.

தப்பு அவள் மேல் இல்லை. அதற்கு முந்தைய ஆறு வாரமும் ஒவ்வொரு கதை முடிந்ததும் "இதுலேர்ந்து நமக்கு என்ன தெரியுது?" என்று நான் கேட்டிருந்தேன். எந்தக் கதையாக இருந்தாலும் மூன்று பதில்களில் ஒன்றைச் சொன்னால் அப்பா விட்டுவிடுவார் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். பொய் சொல்லக் கூடாது, பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும், பேராசை கூடாது. துருவன் கதையில் பொய்யே கிடையாது என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அதோடு நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, நானே கொஞ்சம் படித்துவிட்டு வேறு மாதிரி தொடங்கினேன். இப்போது ஒன்றரை வருடமாக ஓடுகிறது. மகள், அக்காவின் பதினொரு வயதுப் பையன், பக்கத்து வீடுகளிலிருந்து வரும் நாலைந்து பேர், இவ்வளவுதான் கூட்டம். நான் பௌராணிகன் இல்லை, சம்ஸ்கிருதம் படித்தவனும் இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அந்த முதல் ஆறு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த நூலிலிருந்து சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நான் இதை யோசிக்கவே இல்லை. ராமாயணம் என்றால் ராமாயணம்தானே என்று நினைத்தேன். லட்சுமணன் கோடு கிழித்த கதையை உற்சாகமாகச் சொல்லி முடித்த அன்று, என் அம்மா உள்ளேயிருந்து, "கம்பராமாயணத்துல அப்படிக் கிடையாதுடா" என்றார். எடுத்துப் பார்த்தேன். கம்பனிலும் கோடு இல்லை, வால்மீகியிலும் இல்லை. சீதையைக் கடத்தும் விதமே இரண்டிலும் வேறு. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்து எடுத்துப் போகிறான்.

இப்படி நிறைய உண்டு. சேது கட்டும்போது உதவிய அணில் வால்மீகியில் இல்லை. நம் ஊரில் அது தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் வருகிறது. அகலிகை கல்லானது கம்பனில். வால்மீகியில் அவள் யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள். சாகும் தறுவாயில் கர்ணன் தன் புண்ணியத்தையெல்லாம் கண்ணனுக்குத் தாரை வார்ப்பது வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில், வியாசரின் மூலத்தில் இல்லை. குருடன் மகன் குருடன் என்று திரௌபதி சொன்னதாக எல்லோரும் சொல்வோமே, அந்த வசனமும் வியாசரில் கிடையாது.

இதனால் அந்தக் கதைகளைச் சொல்லக் கூடாது என்று அர்த்தமில்லை. அணில் கதையை விட்டுவிட்டு ராமாயணமா? ஆனால் எது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், "பாட்டி வேற மாதிரி சொன்னாங்களே" என்று பிள்ளை கேட்கும்போது ஒன்று பாட்டியைத் தப்பாக்குவீர்கள், இல்லை நீங்கள் முழிப்பீர்கள். தெரிந்திருந்தால் அதுவே ஒரு நல்ல பேச்சாகிவிடும்: கம்பன் ஏன் மாற்றினான், நீயாக இருந்தால் எப்படிச் சொல்வாய்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் வால்மீகி, கம்பன், வியாசர், வில்லி, பாகவதம், உபநிடதம், கேட்ட கதை என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். "கேட்ட கதை" என்று எழுதுவதில் வெட்கம் வேண்டாம். என் நோட்டில் கால்வாசி அதுதான்.

படிக்க என்ன வேண்டும் என்றால், முதலில் பெரியவர்களுக்கான ஒரு சுருக்கமான உரைநடை நூல். ராஜாஜியின் சக்கரவர்த்தித் திருமகனும் வியாசர் விருந்தும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும், பரணில் பாருங்கள். அப்புறம், சொல்லப்போகும் பகுதியை மட்டும் மூலத்திலோ முழு மொழிபெயர்ப்பிலோ படியுங்கள். கம்பராமாயணம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. மகாபாரதத்துக்குக் கும்பகோணம் பதிப்பு என்ற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. ஆங்கிலம் படிக்க முடிந்தால் கிசாரி மோகன் கங்குலியின் முழு மொழிபெயர்ப்பு இணையத்தில் காசில்லாமல் இருக்கிறது.

ஒரு பொறி: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். நான் மகாபாரதத்தை ஆதிபர்வத்தின் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நைமிசாரண்யம், முனிவர்கள், ஒருவர் இன்னொருவருக்குச் சொன்ன கதையை இவர் இவர்களுக்குச் சொல்கிறார், நடுவில் பாம்பு வேள்வி. பாண்டவர்கள் பிறப்பதற்குள் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பதினெட்டு பர்வங்களையும் வரிசையாக முடிக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

2. வயதைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள்

மூன்றிலிருந்து ஐந்து வயது வரை நீதி என்ற பேச்சே வேண்டாம். குட்டி அனுமன் சூரியனைப் பழம் என்று நினைத்துத் தாவியது, மண் தின்ற கண்ணன் வாயைத் திறந்து காட்டியது, முதலையிடம் மாட்டிய கஜேந்திரன், அணில். சத்தமும் சைகையும் போதும். ஒரே கதையைப் பத்து முறை கேட்பார்கள். பத்து முறையும் சொல்லுங்கள், ஒரு வார்த்தை மாற்றினாலும் பிடித்துவிடுவார்கள்.

ஆறு முதல் எட்டு வரை துருவன், பிரகலாதன், குகன், ஜடாயு, குசேலன், பீமனும் அனுமன் வாலும். பிரகலாதன் கதையில் இரணியன் செய்யும் கொடுமைகளை ஒவ்வொன்றாக வர்ணிக்காதீர்கள். பெற்ற அப்பாவே அப்படிச் செய்கிறார் என்பதுதான் அந்த வயதில் பயத்தைக் கொடுக்கிறது, நரசிம்மர் இல்லை.

ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் என் அனுபவத்தில் பொன்னான காலம். நியாயம் அநியாயம் பற்றி விடாமல் வாதாடுகிற வயது. யட்சனின் கேள்விகள், சிபியும் புறாவும், பாதுகையைச் சுமந்து திரும்பிய பரதன், விபீஷணன் அடைக்கலம், அசுவமேத பர்வத்தில் வரும் பாதி உடம்பு பொன்னான கீரி, ஏகலைவன். உபநிடதம் என்றதும் பயப்பட வேண்டாம். யமன் வீட்டு வாசலில் மூன்று ராத்திரி காத்திருந்த நசிகேதனும், "என் அப்பா யாரென்று அம்மாவுக்கே தெரியாது" என்று குருவிடம் உள்ளதைச் சொன்ன சத்தியகாமனும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கிறது. சத்தியகாமன் கதையை எவ்வளவு விளக்குவது என்பதை உங்கள் வீட்டை வைத்து முடிவு செய்யுங்கள். உண்மையைச் சொன்னான், குரு அதற்காகவே அவனை ஏற்றுக்கொண்டார் என்பது மட்டும் போதும்.

வாலிவதம், கும்பகர்ணன், கர்ணனும் குந்தியும் பேசும் இடம், சூதாட்டம், அபிமன்யு, கீதை எல்லாம் பன்னிரண்டுக்கு மேல். அசுவத்தாமன் தூங்குகிறவர்களை வெட்டும் பகுதியை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

3. நேரம்: வாரம் ஒரு கதை, பதினைந்து நிமிடம்

தினமும் சொல்வேன் என்று ஆரம்பித்தவர்கள் பத்து நாள் தாண்டி நான் பார்த்ததில்லை. வாரம் ஒன்று, அதே கிழமை, அதே நேரம். பரீட்சை, விருந்தாளி, காய்ச்சல் எல்லாம் போக ஒரு வருடத்துக்கு நாற்பது கதை தேறும். நாற்பது என்பது பெரிய விஷயம்.

சொல்வதற்குப் பதினைந்து நிமிடம், பேச்சுக்குப் பத்து நிமிடம். பேச்சு நீண்டால் விடுங்கள், கதையை நீட்டாதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு நீங்கள் படித்துத் தயாராக ஒரு மணி நேரம் ஆகும். இதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இங்கேதான்.

படுக்கும் நேரம் நல்லதுதான், ஆனால் சாவு வரும் கதை ராத்திரி வேண்டாம். ஜடாயு கதையைத் தூங்கப் போகும் நேரத்தில் சொல்லிவிட்டு, பதினொன்றரை மணி வரை அந்தப் பறவைக்குக் குஞ்சு இருந்ததா, அதை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பொறி, இது முக்கியம். பிள்ளை தப்பு செய்த அன்று அந்தத் தப்புக்குப் பொருத்தமான கதையை எடுக்காதீர்கள். தம்பியை அடித்த அன்று சாயங்காலம் பரதன் கதை சொன்னால் அது கதை இல்லை, திட்டு. பரதனையும் சேர்த்து வெறுப்பார்கள். குறைந்தது ஒரு வாரம் போகட்டும். பட்டியலில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதையே சொல்லுங்கள்.

4. ஒரு பக்கக் குறிப்பு தயாரிப்பது எப்படி

மனப்பாடம் வேண்டாம், வாசித்துக் காட்டுவதும் வேண்டாம். நோட்டில் நான்கு விஷயம் எழுதினால் போதும்: கதை எங்கே தொடங்குகிறது, எங்கே நிறுத்தப் போகிறேன், மறக்கக் கூடாத பெயர்கள், என்ன கேட்கப் போகிறேன். யட்சன் கதைக்கு என் பக்கம் இப்படி இருக்கிறது.

தொடக்கம்: வனவாசத்தின் கடைசிக் காலம். ஒரு பிராமணர் தீக்கடையும் அரணிக் கட்டையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு மான் ஓடுகிறது. ஐந்து பேரும் துரத்துகிறார்கள், கிடைக்கவில்லை. தாகம். நகுலன் மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறான்.

வரிசை: நகுலன், சகதேவன், அர்ஜுனன், பீமன். ஒவ்வொருவருக்கும் அதே குரல்: "என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் குடி." ஒவ்வொருவரும் கேட்காமல் குடித்து விழுகிறார்கள். இந்தக் குரலைப் பிள்ளைகளையே சொல்ல விடுங்கள். மூன்றாவது ஆள் போகும்போது அவர்களே சேர்ந்து கத்துவார்கள்.

கேள்விகள்: நூறுக்கு மேல் இருக்கின்றன, நாலு போதும். காற்றைவிட வேகமானது எது? மனசு. பூமியைவிடக் கனமானவர் யார்? தாய். புல்லைவிட அதிகமானது எது? கவலை. எது ஆச்சரியம்? தினமும் சாவைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் தாங்கள் மட்டும் நிலைத்திருப்போம் என்று நினைப்பது. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலை உடனே சொல்லாதீர்கள். காற்றைவிட வேகமானது ராக்கெட் என்றான் ஒரு பையன். அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டேன்.

நிறுத்தும் இடம்: "நால்வரில் ஒருவனை எழுப்புகிறேன், யார் வேண்டும்?" என்று யட்சன் கேட்கும் இடம். இங்கே கதையை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் பீமன் என்றார்கள், மீதிப் பேர் போர் வரப் போகிறதே என்று அர்ஜுனனைக் கேட்டார்கள். நகுலன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் சண்டை நடந்த பிறகுதான் தருமர் நகுலனைக் கேட்டதைச் சொன்னேன். கூச்சல். "ஏன்? ஏன்?" என்கிறார்கள். அவர் சொன்ன காரணத்தை அப்படியே சொன்னேன்: "குந்திக்கு நான் ஒருவன் உயிரோடு இருக்கிறேன். மாத்ரிக்கும் ஒரு பிள்ளை இருக்க வேண்டாமா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. யட்சன் தர்மதேவதைதான் என்பதையும் நாலு பேரும் எழுந்ததையும் சொல்லி முடித்தேன், எழுந்து போய்விட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், அக்காவுக்கு வாங்கிய பேனாவைப் பார்த்துவிட்டு மகள் என்னிடம் வந்து, "உங்க அக்காவுக்குக் குடுத்துட்டீங்க. எங்க அம்மாவுக்கும் ஒண்ணு வேண்டாமா?" என்று தருமர் குரலில் கேட்டாள். கதை இறங்கியதா, பேரம் பேசக் கற்றுக்கொண்டாளா, தெரியவில்லை. பேனா வாங்க வேண்டியதாகிவிட்டது.

5. நீதியை விழுங்கிவிடுங்கள்

ஆறு வாரம் வீணாக்கி நான் கற்றது இதைத்தான். நீங்கள் நீதியைச் சொன்ன நிமிடம் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடும். "என்ன தெரியுது?" என்ற கேள்வியும் நீதியைச் சொல்வதுதான். உங்களிடம் ஒரு விடை இருக்கிறது, அதை ஊகி என்கிறீர்கள், அவ்வளவே.

அதற்குப் பதிலாக விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள். உங்களுக்கே தெரியாததாக இருந்தால் இன்னும் நல்லது. பரதன் இடத்தில் நீ இருந்தால் அம்மாவிடம் என்ன பேசுவாய்? விபீஷணன் அண்ணனை விட்டுப் போனான், கும்பகர்ணன் தப்பு என்று தெரிந்தே கூட நின்றான், உனக்கு யார் நண்பனாக வேண்டும்? கம்பனில் விபீஷணன் வந்து கூப்பிடும்போது கும்பகர்ணன் சொல்லும் பதிலைப் படித்துவிட்டு இந்தக் கேள்விக்கு எனக்கே விடை குழம்பிவிட்டது. இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான்.

பிள்ளை ராவணன் பக்கம் பேசினால் பதறாதீர்கள், பேச விடுங்கள். ஒரு வாரம் முழுக்க என் மகள் கைகேயிக்கு வக்கீலாக இருந்தாள். "ரெண்டு வரம் குடுத்தது தசரதர்தானே, அவர் ஏன் குடுத்தார்?" இதற்கு நல்ல பதில் இருந்தால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

"ராமன் மாதிரி இரு", "சீதை மாதிரி இரு" என்று வீட்டில் யாராவது சொல்லத் தொடங்கினால் அன்பாக நிறுத்துங்கள். தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். அவர்களைத் திருத்தப் போக வேண்டாம், அவர்களையே ஒரு வாரம் கதை சொல்லச் சொல்லுங்கள். கதை சொல்லும்போது அவர்கள் உபதேசத்தை மறந்துவிடுகிறார்கள்.

6. கட்டாயம் வரப்போகும் கேள்விகள்

இவற்றுக்கு முன்பே தயாராக இருங்கள். எந்தக் கேள்வியும் அபசாரம் இல்லை.

வாலியை ஏன் மறைந்து நின்று அடித்தான்? "சீட்டிங் இல்லையா மாமா?" என்றான் அக்கா பையன். இதற்கு நொண்டிச் சமாதானம் தேடாதீர்கள், கம்பனைத் திறங்கள். அம்பு பட்டுக் கிடக்கும் வாலியை அத்தனை கேள்வியும் கேட்க விட்டிருக்கிறான். ராமன் பதில் சொல்கிறான், ஆனால் ஏன் ஒளிந்து நின்று எய்தாய் என்ற கடைசிக் கேள்விக்கு ராமன் வாய் திறப்பதில்லை, லட்சுமணன்தான் பதில் சொல்கிறான். இதைச் சொன்னதும் பையன், "அப்ப ராமருக்கே சங்கடமா இருந்திருக்கு" என்றான். அது அவனுடைய விடை, நான் கொடுத்ததில்லை.

ஏகலைவன். குருபக்திக்கு உதாரணம் என்று நான் ஆரம்பித்தேன். "அந்த வாத்தியார் மேல யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையா?" என்று வந்தது. இந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் சொல்லவே வேண்டாம். துரோணர் அவனைச் சேர்க்காததற்குக் காரணம் அவன் நிஷாதன், அதாவது வேடர் குலத்தவன், மகன் என்பது. கட்டை விரலைக் கேட்டதற்குக் காரணம், உனக்கு நிகராக ஒருவரும் வர மாட்டார்கள் என்று அர்ஜுனனுக்குக் கொடுத்திருந்த வாக்கு. இரண்டும் வியாசரிலேயே இருக்கின்றன. அதை மறைத்துவிட்டு பக்தி என்று மட்டும் சொன்னால், இல்லாதவன் இன்னும் இழக்க வேண்டும் என்பதுதான் பிள்ளை மனதில் நிற்கும். கர்ணனைத் தேரோட்டி மகன் என்று சொல்லிச் சிரிக்கும் இடமும் இப்படித்தான். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் யாருக்கு அது எங்கே குத்தும் என்று உங்களுக்குத் தெரியாது.

சீதை ஏன் தீக்குள் இறங்கினாள்? பன்னிரண்டுக்கு முன்பு நான் தொடுவதில்லை. கேட்டால் மறைப்பதும் இல்லை. வால்மீகியில் சீதை சும்மா தலைகுனிந்து இறங்கவில்லை. ஒரு சாதாரண ஆள் சாதாரணப் பெண்ணிடம் பேசுவது போல என்னிடம் ஏன் பேசுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவள் பேசியதைச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் பேசட்டும்.

கிருஷ்ணர் ஏன் சண்டை போடச் சொன்னார்? கீதைக்கு முன்னால் உத்தியோக பர்வத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். தூது போனார், பாதி நாடு தராவிட்டால் ஐந்து ஊர் போதும் என்று இறங்கி வந்தார்கள், ஊசி முனை நிலம்கூடக் கிடையாது என்றான் துரியோதனன். இந்த வரிசை தெரிந்த பிள்ளை கீதையை வேறு மாதிரி கேட்கும்.

இதெல்லாம் நிஜமாக நடந்ததா? உங்கள் வீட்டு நம்பிக்கை என்னவோ அதை நேராகச் சொல்லுங்கள். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிடாதீர்கள், நாலு வருடம் கழித்துப் பிடிப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், கலர் பென்சிலில் வரும். அரக்கர்களுக்கெல்லாம் கறுப்பு, ராமனுக்கு ரோஸ் நிறம் என்று என் மகள் அடித்து வைத்திருந்தாள். "மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ" என்று கம்பன் பாடியதைச் சொல்லி, மழை மேகத்துக்கு என்ன கலர் என்று கேட்டேன். யோசித்து, கறுப்புப் பென்சிலை எடுத்தாள். கண்ணனும் கறுப்பு, திரௌபதியின் பெயரே கிருஷ்ணை. இது நான் திட்டமிட்டுச் சொன்னதில்லை, ஆனால் ஒன்றரை வருடத்தில் உருப்படியாகச் செய்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

7. பாட்டும் சுலோகமும்

மாதத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். கதை முதலில், பாட்டு அப்புறம். கதை தெரியாமல் மனப்பாடம் செய்தது ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும்.

விபீஷணன் கதை சொன்ன மாதம் "குகனொடும் ஐவர் ஆனேம்" பாட்டை எடுத்தோம். நாலு வரி, வாரம் ஒரு வரி. குகனோடு ஐந்து, சுக்ரீவனோடு ஆறு, உன்னோடு ஏழு என்று கணக்குப் போல வருவதால் சின்னவர்களுக்கும் நிற்கிறது. எண்ணி எண்ணிச் சொல்லிவிட்டு, "நம்ம கூட்டத்துல எத்தனை பேர்?" என்று அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள்.

கீதை சுலோகத்தில் நான் இரண்டு தப்பு செய்தேன். தமிழ் எழுத்தில் பார்த்துப் படித்ததால் க, த, ப ஒவ்வொன்றுக்கும் சம்ஸ்கிருதத்தில் உள்ள வெவ்வேறு ஒலிகள் ஒன்றாகிப் போய்விட்டன. நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவரையோ ஒரு ஒலிப்பதிவையோ கேட்டுப் பழகிய பிறகு சொல்லிக்கொடுங்கள். தப்பாகப் படிந்ததைத் திருத்த எனக்கு மூன்று மடங்கு நாள் ஆனது.

இரண்டாவது, "கர்மண்யேவாதிகாரஸ்தே" சுலோகத்தைப் பரீட்சைக்கு முந்தின வாரம் எடுத்து, பலனை எதிர்பார்க்காதே என்று விளக்கினேன். "அப்ப மார்க் வரலைன்னா நீங்க திட்டக் கூடாது" என்று முடித்துவிட்டான் அக்கா பையன். அதன் கடைசி வரியை நான் விட்டிருந்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதிலும் பற்று வைக்காதே என்கிறது அது. முழுச் சுலோகத்தையும் சொல்லுங்கள், பாதியோடு நிறுத்தினால் பாதிதான் வேலை செய்யும்.

8. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்தால்

அவர்களாகவே வருவார்கள். வந்ததும் சில காகிதங்கள் தேவைப்படும். சின்ன விஷயம்தானே என்று நான் விட்டது பின்னால் படுத்தியது.

அபிமன்யு கதை சொன்ன அன்று, ஒரு பெண்ணோடு அவளுடைய ஐந்து வயதுத் தம்பியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான் கவனிக்கவில்லை. சக்கரவியூகத்துக்குள் ஒற்றை ஆளாக மாட்டிய பையனை அத்தனை பேரும் சுற்றி நின்று கொல்வதைச் சொல்லி முடித்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு அந்த அம்மா போன் செய்தார். பிள்ளை கட்டிலைச் சுற்றித் தலையணை அடுக்கிக்கொண்டு, யாரும் கிட்டே வரக் கூடாது என்று அழுதிருக்கிறான். மன்னிப்புக் கேட்பதைத் தவிர எனக்கு வழியில்லை.

அதற்குப் பிறகு பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். என்ன நூல்களிலிருந்து சொல்கிறேன், எந்த வயதுக்கு, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு யார் வந்து அழைத்துப் போவது, அவசரத்துக்கு எந்த எண். அந்த மாதத்துக் கதைப் பட்டியலும் கூடவே போகும், சாவு வரும் கதைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். தம்பி தங்கையைக் கூட்டி வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளைப் படம் எடுக்கலாமா கூடாதா என்பதற்கு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சுலோகம் சொல்வதில் எல்லா வீட்டுக்கும் ஒரே கருத்து இருக்காது, கதை மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்த வசதியைக் கொடுங்கள்.

பொது இடத்தில் நடத்தினால் அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் நாள், நேரம் குறித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய் வார்த்தை அடுத்த பொறுப்பாளர் வரும் வரைதான் செல்லும். நீங்கள் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு இருக்காமல், இன்னொரு பெரியவரும் எப்போதும் கூட இருக்கட்டும். எட்டு பேருக்கு மேல் சேர்ந்தால் வயது பார்த்து இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

9. செலவு

நோட்டு, பென்சில், கலர், கொஞ்சம் நகல் எடுக்கும் காசு. உண்மையில் வேறு ஒன்றும் தேவையில்லை.

நான் வீணாக்கிய பணம் எல்லாம் முதல் மாதத்தில்தான். பளபளப்பான படப் புத்தகத் தொகுப்பு ஒன்று வாங்கினேன். கதை எட்டு வரியில் முடிந்து, கீழே கட்டம் கட்டி நீதி இருந்தது. பிள்ளைகள் கட்டத்தை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். புத்தகம் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே ஒரு கதையை முழுதாகப் படித்துப் பாருங்கள், உங்களுக்கே சுவாரசியமாக இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். இணைய வகுப்புக்கு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் பிள்ளையோடு உட்காருங்கள். பிள்ளை பேசுவதைவிட ஆசிரியர் பேசுவதே அதிகம் என்றால் அதே வேலையை நீங்கள் வீட்டில் செய்யலாம். வேஷம், கிரீடம், வில் அம்பு எதற்கும் செலவழிக்காதீர்கள். துடைப்பக் குச்சியை வில்லாக்கும் சந்தோஷத்தை ஏன் கெடுப்பானேன்.

முதல் வாரத்துக்கு எந்தக் கதை என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, பீமன் அனுமன் வாலைத் தூக்கப் பார்த்த கதையைச் சொல்லுங்கள் என்பேன். வன பர்வத்தில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். திரௌபதி கேட்ட பூவைத் தேடிப் போகிற பீமன், வழியில் படுத்துக் கிடக்கும் கிழக் குரங்கு, முடிந்தால் என் வாலை நகர்த்திவிட்டுப் போ என்ற ஒரு வசனம். யுத்தம் இல்லை, சாவு இல்லை, பெயர்கள் குறைவு. ஒரு பெரிய துண்டை எடுத்து நன்றாக முறுக்கி வையுங்கள். ஒரு நுனியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு மறு நுனியைப் பிள்ளையிடம் கொடுங்கள்.